மருந்தின் மேல் அடித்த வெள்ளை

பம்பு கதவைத் தட்டினால் அதைத் தட்டுவது என்று சொல்ல முடியாது. தாழ்ப்பாள் குதிக்கும், நிலைச்சட்டத்திலிருந்து மண் உதிரும், உள்ளே தூங்குகிற பிள்ளை வீறிட்டு அழும். "யாரு?" என்று கேட்டுக்கொண்டே ஆள் ஓடி வந்து திறந்துவிடும். ஏனென்றால் அடுத்தது கை இல்லை, கால் என்பது குவாரிக் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கும் இருந்தது. ஆபீஸில் ஆஜர் கூப்பிடும்போது மட்டும் அது வெளியே வரும்; அவனே சில சமயம் திரும்பிப் பார்க்க மாட்டான். மலேரியா ஆபீஸில் வீட்டுச் சுவருக்கு மருந்தடிக்கிற வேலை. தோளில் வார் போட்டு மாட்டிய எஃகுப் பம்பு, கையில் நீளக் குழாய், மூக்கைச் சுற்றிக் கட்டிய துணி. அந்தக் கோலத்தில் பார்த்துப் பார்த்து, பம்பையும் ஆளையும் பிரித்துப் பார்க்கிற வேலையை ஜனங்கள் விட்டுவிட்டார்கள்.

குவாரிக் குடியிருப்பில் கல்லை வெட்டி எடுத்த இடமெல்லாம் குழி. மழை பெய்தால் குழியெல்லாம் குளம். தெளிந்த தண்ணீர், மேலே வானம் தெரியும். மலேரியாக் கொசுவுக்கு அந்தத் தண்ணீர்தான் பிடிக்கும். சாக்கடைப் பக்கம் அது எட்டிப் பார்க்காது. மழை நின்ற கையோடு காய்ச்சல் தொடங்கும். காலையில் உளி பிடித்தவன் மத்தியானம் பல் கிட்டி நடுங்குவான். இருக்கிற துணியெல்லாம் போர்த்தினாலும் அடங்காது. பிறகு அடுப்பு மாதிரிக் கொதிப்பான். பிறகு குடம் குடமாக வியர்த்து எழுந்து உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காதவன் போலத் தண்ணீர் கேட்பான். சரியாகிவிட்டது என்று உளியை எடுப்பான். ஒரு நாள் விட்டு மறுநாள் அதே நேரத்துக்கு நடுக்கம் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

மருந்தடிப்பதன் விஷயம் பெரிய கம்பசூத்திரம் இல்லை. ரத்தம் குடித்த கொசு வயிறு கனத்து, தூரம் பறக்க முடியாமல் பக்கத்துச் சுவரில் போய் உட்காரும். சுவரில் மருந்து இருந்தால் அங்கேயே அதன் கதை முடியும். ஆனால் மருந்து சுவரின் மேலேயே கிடக்க வேண்டும், மழைக்காலம் முழுக்க. துடைக்கக் கூடாது, கழுவக் கூடாது, மேலே எதையும் பூசக் கூடாது.

ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. காய்ந்ததும் சுவரெல்லாம் காக்காய் எச்சம் போட்ட மாதிரி வெள்ளைக் கோடு. நாற்றம் நாள் கணக்கில் போகாது. சாமான்களை எல்லாம் தெருவில் தூக்கிப் போட வேண்டும். பம்புக்கு முன்னால் வந்த ஒருத்தன் மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார்கள். இன்னொருத்தனுடைய பம்பைப் பிடுங்கிக் குழியில் எறிந்தார்கள். கூடவே அவனையும் எறிந்தார்கள். அதனால்தான் மருந்துக் கூட்டத்து மேஸ்திரி, லாரி ஷெட்டில் இரண்டு பேரை ஒரே ஆளாகப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு மூட்டை தூக்கியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"மருந்தடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார், சண்டை முடிந்த பிறகு.

"தெரியாது."

"அதை ஒரு நாள்ல கத்துக்கலாம். கதவைத் திறக்க வைக்கத் தெரியுமா?"

"அது தெரியும்" என்றான் பம்பு, உதட்டு ரத்தத்தைத் துப்பிவிட்டு.

அடிப்பதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அப்பா. அந்த மனுஷன் குடித்தாலும் அடிப்பார், குடிக்கக் கிடைக்காவிட்டாலும் அடிப்பார். பெல்ட்டை வீசும்போது கொக்கிப் பக்கத்தைத்தான் வெளியே விடுவார். அம்மா அதிலேயே பாதி செத்து, மீதியை ஒரு வயிற்றுவலியில் முடித்துக்கொண்டாள். பிறகு பெல்ட் தங்கச்சி பக்கம் திரும்பியது. ஒரு சாயங்காலம் அவள் காது மடல் கிழிந்து, ரத்தம் கழுத்தில் இறங்கிச் சட்டைக்குள் போனது. பம்புக்கு மீசை கூட முளைக்காத வயது. அடுப்பருகே கிடந்த விறகுக் கட்டையை எடுத்து அப்பாவின் மணிக்கட்டில் இறக்கினான். எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. அப்புறம் வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதிதான் அவன் மனதில் தங்கியது. எலும்பை உடைத்தால் விவகாரம் முடியும் என்று அன்றைக்கு நினைத்தவனுக்கு, அதற்குப் பிறகு வேறு மாதிரி நினைக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

தங்கச்சியை அவன்தான் வளர்த்தான். அவனுக்கென்று இருந்த ஒரே உயிர் அவள். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

"எவண்ணே உங்கூடக் குடும்பம் நடத்துவா? வீட்டுக்கு வர்றப்பல்லாம் கதவைத் தட்டியே அவளைச் சாகடிச்சுடுவே" என்பாள்.

அவளை வீட்டுக்கு வெள்ளையடிக்கிற ஒருத்தனுக்குக் கட்டிக்கொடுத்தான். வாயால் பேசியே வேலை முடிக்கிற ஆள், கையை ஓங்கத் தெரியாதவன். அதைப் பார்த்துத்தான் கொடுத்தான். ஊரில் அவனை வெள்ளைக்காரன் என்று கூப்பிடுவார்கள். நிறமோ அடுப்புக்கரி. குடியிருப்பின் கடைசி வீட்டில் குடித்தனம். இப்போது தங்கச்சி மாசமாக இருந்தாள். இதற்கு முன் ஒன்று தங்கவில்லை. இது தங்க வேண்டும் என்பதுதான் அந்த வருஷம் பம்புக்கு இருந்த ஒரே நினைப்பு.

குவாரியில் அவன் மருந்தடித்த முதல் வருஷம், வெடி வைக்கிறவர் வாசலில் கடப்பாரையோடு நின்றார். பாறையைப் பிளக்கிற ஆள், குரலே வெடி மாதிரி இருக்கும்.

"உள்ள கால வச்சே, கால் வெளிய வராது" என்றார்.

பம்பு பம்பை இறக்கி வைத்தான். கடப்பாரையைப் பிடித்து இழுத்து, அதன் அடிப்பக்கத்தாலேயே அவர் வாயில் குத்தினான். முன்பல் இரண்டு உள்ளே மடங்கின. அவர் சட்டைக்காலரைப் பிடித்துத் தெருவில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய் நிதானமாக நாலு சுவருக்கும் மேலிருந்து கீழாக மருந்தடித்துவிட்டு வந்தான். வெளியே வந்து கதவில் சாக்கட்டியால் கோடு போட்டான். அதன் பிறகு அந்தத் தெருவில் எந்தக் கதவும் மூடியிருக்கவில்லை. மேஸ்திரி அவன் முதுகில் தட்டினார். அடித்தோமா, கோடு போட்டோமா, அடுத்த பகுதிக்குப் போனோமா என்றிருந்தான். அடித்த பிறகு அவன் குவாரிப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. தங்கச்சி வாரத்துக்கு ஒருமுறை அவனுடைய அறைக்கு வந்து திட்டிவிட்டுப் போவாள். அவன் அங்கே போகவே வேண்டியதில்லை.

காய்ச்சல் ஊர் முழுக்க இறங்கியது. குவாரியில் மட்டும் ஏறியது.

அதைச் சொன்னது ஊசியக்கா. வீடு வீடாகப் போய் விரலில் குத்தி ரத்தம் எடுக்கிறவள். ஆபீஸில் பம்பை எதிர்த்துப் பேசுகிற ஒரே ஆள்.

"சந்தைப்பக்கம் குத்திக் குத்திப் பார்த்தும் ஒண்ணும் கிடைக்கல. ஸ்டேஷன் தெருவுல பாதியா குறைஞ்சுபோச்சு. உன் குவாரிலதான் போன வருஷத்தைவிட மேல போகுது" என்றாள்.

"மருந்துல கோளாறு."

"எல்லாருக்கும் ஒரே மூட்டைலதான்யா பிரிச்சுக் கொடுக்கிறாங்க. குவாரிக்குன்னு தனியா கிண்டறாங்களா?"

"அப்ப நான் தண்ணியடிக்கிறேன்னு சொல்றியா?"

"நீ அடிக்கிறதைத்தான் ஊரே சொல்லுது. ஒரு நடை போய்ச் சுவத்தைப் பாருன்னு சொல்றேன். ஆளை அடிக்காம, சுவத்தை மட்டும் பாரு."

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் போனான். கையில் பம்பு இல்லை. முதல் வரிசையில் ஜல்லி உடைக்கிற ஒரு பெண்ணின் வீடு. வாசலில் அவனைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. உள்ளே அவள் புருஷன் சாக்கைப் போர்த்திக்கொண்டு, கட்டில் ஆட ஆட நடுங்கிக்கொண்டிருந்தான். பம்பு அவனைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தான்.

சுவர் பால் மாதிரி இருந்தது. கோடு இல்லை, எச்சம் இல்லை. கொஞ்சம் நீலம் கலந்த பளிச்சென்ற வெள்ளை. அதில் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. தலையைக் கீழே தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, முள் குத்தி நிற்பது மாதிரி நிற்கிற கொசு. வயிறு சிவப்பாக இருந்தது. பம்பு உள்ளங்கையால் அறைந்தான். வெள்ளைச் சுவரில் ரத்தம் தீற்றியது.

"யாரு இது? யாரு மருந்து மேல வெள்ளையடிச்சது?"

அவள் புருஷன் பக்கம் திரும்பிச் சாக்கை இழுத்துப் போர்த்தினாள். அவன் அவள் கையை முறுக்கினான்.

"அடி! அடிச்சுக் கொல்லு! வேற என்ன தெரியும் உனக்கு?" என்று அவள் கத்தினாள். "உங்க வீட்டு வெள்ளைக்காரர்தான் அடிச்சாரு. நீ இந்தப் பக்கம் போனா அவரு அந்தப் பக்கம் வருவாரு. எல்லா வீட்லயும் அவருதான். மச்சானும் மாப்பிள்ளையும் பேசி வச்சுக்கிட்டுதான் பண்றீங்கன்னு நாங்க நினைச்சோம். நீ அசிங்கம் பண்ணிட்டுப் போவே, அவரு வந்து துடைச்சுட்டுப் போவாரு. நல்ல குடும்பம்யா உங்க குடும்பம்!"

பம்பு அவள் கையை விட்டான். கட்டிலில் கிடந்தவன் அந்த நடுக்கத்திலும் சிரிக்கிற மாதிரி இருந்தது.

வெள்ளைக்காரன் கடைசி வரிசையில் வேலையில் இருந்தான். ஏணியின் மேல்படியில் நின்று, பாட்டு முனகிக்கொண்டு, உச்சியில் பிரஷ் ஓட்டிக்கொண்டிருந்தான். கீழே சுண்ணாம்பு வாளி.

"கீழ எறங்குடா."

"வாங்க மச்சான். சாப்பிட்டீங்களா?" என்றான், திரும்பாமலே.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"எது மச்சான்?"

"நான் மருந்தடிச்ச சுவத்துல நீ வெள்ளையடிக்கிறது!"

வெள்ளைக்காரனுக்கு அது ஒரு குற்றமாகவே படவில்லை. பிரஷை வாளி விளிம்பில் தட்டினான். "அதனால என்ன? மருந்து உள்ளதானே இருக்கு. சுவரு குடிச்சிருச்சில்ல? மேல சட்டை போட்டா உடம்பு காணாம போயிடுமா?"

அவன் தொழிலில் அது சரி. சுவரில் எதை அடித்தாலும் சுவர் குடிக்கும், குடித்தது உள்ளேயே இருக்கும். பழைய பூச்சு, அதற்கு மேல் புதுப் பூச்சு. வாழ்நாள் முழுக்க அப்படித்தான் பார்த்திருந்தான். மருந்து மட்டும் மேலேயே கிடக்க வேண்டிய சாமான் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை.

"கொசு மேலதானடா உக்காரும், முட்டாப்பயலே! சுவத்துக்குள்ள பூந்தா உக்காரும்?"

"அப்படியா?" என்றான் வெள்ளைக்காரன், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் வேலை செய்கிறவனுக்கு நிறுத்தத் தெரியாது. "அதை நீங்க அந்த வீட்டுக்காரங்ககிட்டச் சொல்லியிருக்கணும் மச்சான். நீங்க உள்ள போனா வாயாலயா பேசறீங்க? எந்த வீட்ல உங்க கை அதிகமா பேசுதோ, அந்த வீட்லதான் என்னை முதல்ல கூப்பிடறாங்க. உங்க கோடு கண்ணுல பட்டாலே அவங்களுக்கு வயிறு எரியுதாம். நான் என்ன பண்ண? நீங்க உதைக்க உதைக்க எனக்கு வேலை."

பம்பு ஏணியை உதைத்தான்.

ஏணி சுவரில் கீறிக்கொண்டே பக்கவாட்டில் சரிந்தது. வெள்ளைக்காரன் குதிக்கப் பார்த்தான். கால் படிக்குள் மாட்டிக்கொண்டது. விழும்போது வலது கையை ஊன்றினான், அதன் மேல் ஏணி விழுந்தது. கை முழங்கைக்குக் கீழே புதிதாக ஒரு இடத்தில் மடங்கியது. வாளி கவிழ்ந்து சுண்ணாம்பு அவன் கழுத்திலும் கன்னத்திலும் கொட்டியது. அவன் கத்திய கத்தலில் தெருவே வெளியே வந்தது. யாரோ ஒருத்தி குடத்துத் தண்ணீரை அவன் முகத்தில் ஊற்றினாள். பம்பு வழக்கம்போல அந்த அமைதி வரும் என்று நின்றான். வரவில்லை. கத்தல்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டதற்கு வெள்ளைக்காரன், "ஏணி வழுக்கிருச்சு சார்" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னான்.

தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அண்ணனைப் பார்த்தாள். பளாரென்று ஒரு அறை விட்டாள். அவனுக்கு வலிக்கவில்லை, அவள் கைதான் சிவந்தது.

"எங்க வீட்டுக்கும் அவர் வெள்ளையடிச்சிருக்காரு, தெரியுமா?" என்றாள். "அடிக்கச் சொன்னது நான். பிள்ளை வரப்போற வீடு, சுவரு பளிச்சுன்னு இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன்." வலது கையை நீட்டினாள். "இந்தா. இதையும் ஒடை."

"ஏய், அவன் பண்ணினது தப்புடி. எல்லாருக்கும் ஜுரம்…"

"அப்பா செத்துட்டாருன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். "சாகல. இங்கதான் நிக்கிறாரு. இனிமே என் வாசப்படிய மிதிக்காதே."

கையை உடைத்ததால் வெள்ளை நிற்கவில்லை. குடியிருப்பு முழுக்க ஒரு வைராக்கியம் பிடித்தது. இதுவரை வெள்ளையடிக்காதவர்கள் கூட அடித்தார்கள். வெடி வைக்கிறவர் தன் வீட்டு வாசலில் பெரிய டிரம்மில் சுண்ணாம்பு கரைத்து வைத்தார், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பிரஷ் இல்லாதவர்கள் விளக்குமாற்றால் அடித்தார்கள், கந்தல் துணியால் அடித்தார்கள். வெளிச்சுவருக்கும் அடித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் குழிகளுக்கு நடுவே குடியிருப்பு உப்பு மாதிரி மின்னியது.

மேஸ்திரி வேண்டாம் என்றார். பம்பு கேட்கவில்லை. தங்கச்சி வீட்டுச் சுவரில் கொசு உட்கார்ந்திருக்கும், வயிறு சிவந்த கொசு, அவள் பக்கத்திலேயே படுத்திருப்பாள் என்ற ஒன்றே அவன் மண்டையில் ஓடியது. மருந்தைக் கரைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகப் போனான்.

நுழைகிற இடத்திலேயே நின்றிருந்தார்கள். இந்தத் தடவை வெடி வைக்கிறவர் தனியாள் இல்லை. பேச்சே நடக்கவில்லை. முதல் கல் காதில் பட்டது. இரண்டு பேரை அவன் கீழே தள்ளினான், ஒருத்தனின் மூக்கை முட்டியால் உடைத்தான், அதற்குள் பின்னாலிருந்து கடப்பாரை விலாவில் இறங்கியது. விழுந்ததும் மிதித்தார்கள். ஆண்கள் மிதித்து ஓய்ந்த பிறகு பெண்கள் வந்தார்கள். ஜல்லி உடைக்கிறவள் சுத்தியல் காம்பால் அவன் விரல்களின் மேல் அடித்தாள், ஒவ்வொரு அடிக்கும் ஒரு வீட்டைச் சொல்லி. கடைசியில் எஃகுப் பம்பைக் கல்லில் மோதி நசுக்கினார்கள். மருந்து முழுக்க மண்ணில் கொட்டியது.

விலா எலும்பு முறிந்து, அறைக்குள் முடங்கிக் கிடந்தான். சிரித்தால் வலித்தது, இருமினால் வலித்தது. சிரிக்கிற மாதிரி ஒன்றும் இல்லாததால் இருமல் மட்டும்தான் பிரச்சினை. அப்படிக் கிடக்கும்போதுதான் ஊசியக்கா மழையில் நனைந்து வந்து கதவைத் திறந்தாள்.

"உன் தங்கச்சிக்கு ஜுரம். ரத்தம் பார்த்துட்டேன். மூளைக்கு ஏறுற வகை. மாத்திரை கொடுத்தேன், வாந்தி எடுத்துட்டா. இப்ப பிதற்றுறா."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாம இங்க என்ன பண்ணிக்கிட்டிருக்கே?"

"வண்டி உள்ள வரமாட்டேங்குது, பாதையெல்லாம் சேறு. பாதி ஆம்பளைங்க ஜுரத்துல கிடக்கிறாங்க, மீதிப் பேரு குழில வேலைக்கு இறங்கிட்டாங்க. அவ புருஷனுக்குக் கை இல்ல." நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். "யாரு ஒடைச்சதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

பம்பு எழுந்தான். விலாவைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

குடியிருப்பு வாசலில் வெடி வைக்கிறவர் நின்றிருந்தார். அன்றைக்கு மழையில் வெடி வைக்க முடியாது. பம்பைப் பார்த்ததும் குனிந்து கல்லை எடுத்தார். எறிந்தார். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. பம்பு துடைக்காமல் நடந்தான். அவன் கை ஓங்காமல் போவதைப் பார்த்து அவருக்கு அடுத்த கல்லை எடுக்கத் தோன்றவில்லை.

கடைசி வீடு. வெள்ளைக்காரன் மாவுக்கட்டுக் கையோடு வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தான். "உள்ள வாங்க மச்சான்" என்றான். தங்கச்சி பாயில் கிடந்தாள். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. சுற்றிலும் நாலு சுவரும் பளிச்சென்று இருந்தன.

அவளைத் தூக்கியபோது அவனுடைய விலாவுக்குள் ஏதோ கத்தி மாதிரி திரும்பியது. அவள் அவன் முகத்தைப் பார்த்து அலறினாள்.

"வேண்டாம்ப்பா! அடிக்காதப்பா! நான் எதுவும் எடுக்கலப்பா!"

"நான்தாண்டி. அண்ணன்."

அவளுக்குக் கேட்கவில்லை. அவன் கன்னத்தை நகத்தால் கிழித்தாள். தோளைக் கடித்தாள், பல் சதைக்குள் இறங்குகிற அளவுக்குக் கடித்தாள், கடித்ததை விடவில்லை. அவன் விடுவிக்கவும் இல்லை. முழங்கால் வரை புதைகிற சேற்றில், தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, அவளைச் சுமந்து நடந்தான். "அப்பா, அப்பா" என்று அவள் கெஞ்சிக்கொண்டே வந்தாள். ரோட்டுக்கு வந்து வண்டியில் ஏற்றும்போது அவள் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. பற்களுக்கு நடுவே தன் விரலை வைத்தான், நாக்கைக் கடித்துவிடக் கூடாதென்று. அந்த விரல் இன்றைக்கும் மடங்காது.

தங்கச்சி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை, முழு உருவம், நகம் கூட வந்திருந்தது.

நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனதும் பம்பு ஆஸ்பத்திரிச் சுவரில் குத்தினான். திரும்பத் திரும்பக் குத்தினான். முட்டி பிளந்து, சுவரில் சிவப்பாகப் பதிந்தது. இரண்டு பேர் வந்து பிடித்தார்கள். இந்த விவகாரத்தில் யாருடைய எலும்பை உடைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கொசுவுக்கு எலும்பு இல்லை. மாப்பிள்ளையின் எலும்பை ஏற்கனவே உடைத்தாயிற்று. மீதி இருந்தது அவனுடையதுதான்.

அடுத்த மழைக்குக் கொஞ்ச காலம் முன்பு வெள்ளைக்காரன் ஆபீஸ் வாசலுக்கு வந்தான். கை கூடியிருந்தது, ஆனால் கோணலாக. பீடி பற்ற வைக்கக் கூட இடது கையைத்தான் பயன்படுத்தினான்.

"மச்சான், இந்தத் தடவை முதல்ல என் வேலை. எல்லா வீட்டுக்கும் வெள்ளையடிச்சு முடிச்சுடறேன். நல்லாக் காஞ்ச பிறகு நீங்க வாங்க. உங்களுக்கப்புறம் மழை முடியிற வரைக்கும் நான் பிரஷைத் தொடமாட்டேன்."

"ஜனங்க விடணுமே."

"விடுவாங்க. அவ பேசிட்டா."

"அவளா? எங்கிட்டப் பேசுவாளா?"

வெள்ளைக்காரன் புகையை விட்டான். "உங்ககிட்டப் பேசறேன்னு அவ சொல்லல மச்சான்."

மருந்தடிக்கிற அன்றைக்குத் தங்கச்சி முன்னால் நடந்தாள். பம்பு பின்னால். கதவுகளை அவள்தான் தட்டினாள், இரண்டு விரலால்.

"பின்னாடி நிக்கிறானே, அவனை நான் மன்னிக்கல" என்றாள் ஒவ்வொரு வாசலிலும். "நீங்களும் மன்னிக்க வேண்டாம். சாமானை வெளிய எடுங்க, மருந்தை வாங்கிக்குங்க. கோடு அசிங்கமாத்தான் இருக்கும். அது மேல கைய வைக்காதீங்க. நான் பளிச்சுன்னு வச்சிருந்த சுவத்துக்குக் கீழதான் எனக்குப் பிள்ளை போச்சு."

ஜல்லி உடைக்கிறவள் கட்டிலைத் தூக்கி வெளியே போட்டாள். வெடி வைக்கிறவர் மட்டும் வழி விடவில்லை. பம்பின் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து விட்டார், கூடின விலாவைப் பார்த்து. பம்பின் கை தானாக மேலே எழும்பியது. தங்கச்சி திரும்பி அந்தக் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. கை இறங்கிப் பம்பின் வாரைப் பிடித்துக்கொண்டது.

"குத்தியாச்சில்ல?" என்றாள் அவரிடம். "இப்ப நகருங்க. உங்க பொண்டாட்டிக்கும் மாசம்."

அவர் நகர்ந்தார்.

கடைசியாக அவள் வீடு. பம்பு வாசலில் நின்றான். படியை மிதிக்கவில்லை.

"உள்ள வரச் சொல்லுங்க" என்றாள் புருஷனிடம்.

உள்ளே போனான். துணியை மூக்கில் இறுக்கிக்கொண்டு, காற்று ஏற்றி, மேலிருந்து கீழாகக் கோடு கோடாக அடித்தான். புதுவெள்ளை நனைந்து சாம்பலாகி, ஓரத்தில் உலர ஆரம்பித்தது. அவள் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். முடித்துவிட்டுக் குழாயைத் தாழ்த்தினான்.

"மருந்துக்காரரே."

அவன் திரும்பினான். கூப்பிட்டது அவள்தான்.

"கதவுக்குப் பின்னாடி விட்டுப்போச்சு பாருங்க."

கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தான். விட்டுத்தான் போயிருந்தது. அடித்தான்.

"வேற எங்கயாச்சும் இருக்குதாம்மா?" என்று கேட்டான்.

"இல்ல. நீங்க போகலாம்" என்றாள்.